வேர்மண்டலத் தூண்டல்

உயிருள்ள வேர் அருகில் இருப்பதால், மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மட்கு சிதையும் வேகம் மாறுவதே வேர்மண்டலத் தூண்டல். வேகம் கூடினால் நேர்த்தூண்டல், குறைந்தால் எதிர்த்தூண்டல். முன்னதே மிகுதி.

வரலாறு

வேரை ஒட்டிய மண்ணை 'ரைசோஸ்பியர்' (வேர்மண்டலம்) எனப் பெயரிட்டுத் தனியாகப் பிரித்தவர் ஜெர்மானிய வேளாண் அறிவியலாளர் லோரன்ஸ் ஹில்ட்னர் (1862–1923). பயறுவகைச் செடிகளின் வேர்முண்டுப் பாக்டீரியாக்களை பிரீட்ரிஷ் நோபேயுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1896இல் 'நைட்ராஜின்' என்ற நுண்ணுயிர் உரத்துக்கு வழிவகுத்தவரும் இவரே. 'ரைசோஸ்பியர்' என்ற பெயர் இடம்பெற்ற அவரது 1904ஆம் ஆண்டு உரை பசுந்தாள் உரத்தையும் தரிசு விடுவதையும் பற்றியது. வேரிலிருந்து கசியும் பொருள்கள் நுண்ணுயிர்களை ஈர்க்கின்றன என்றும், பயிரின் ஊட்டம் அந்நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பொறுத்தது என்றும் ஹில்ட்னர் கருதினார். நுண்ணோக்கியும் வளர்ப்பூடகமும் தவிர வேறு கருவி அதிகம் இல்லாத காலத்தில் இவ்வளவு தெளிவாகச் சொன்னது வியப்புக்குரியது.

1926இல் பெலிக்ஸ் லோனிஸ் அடுத்த படியை எடுத்துவைத்தார். பயறுவகைப் பசுந்தாளை மண்ணில் சேர்த்தபோது, பசுந்தாளின் நைட்ரஜனோடு பழைய மட்கிலிருந்த நைட்ரஜனும் விடுபடுவதை அவர் கண்டார். புதிய கரிமப் பொருள் பழைய மட்கின் சிதைவை இப்படி மாற்றுவதற்குத் 'தூண்டல் விளைவு' என்ற பெயர் 1953இல் பிங்கமன், வார்னர், மார்ட்டின் மூவரின் கட்டுரையில் வந்தது. ஆனால் விளைவைக் கண்டறிந்தவர் லோனிஸ்தான். பிறகு நெடுங்காலம் இது ஆய்வுக்கூட விநோதமாகவே கிடந்தது. 2000இல் குஸ்யாகோவ், பிரீடல், ஸ்டார் ஆகியோர் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்த பின்னரே மறுபடி கவனம் பெற்றது.

செயல்முறை

ஒளிச்சேர்க்கையில் கிடைத்த கரிமத்தில் ஒரு பங்கைச் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் என வேர் கசியவிடுகிறது. மண் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆற்றலின்றிச் சோம்பிக் கிடப்பவை. கசிவு கிடைத்ததும் அவை பெருகுகின்றன. பெருக நைட்ரஜன் வேண்டும். அதற்காக நொதிகளைச் சுரந்து மட்கைக் குடைகின்றன. தூண்டலுக்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று இது. அந்தப் பாக்டீரியாக்களைப் புரோட்டோசோவாக்களும் நூற்புழுக்களும் மேயும்போது, மிஞ்சிய நைட்ரஜன் வேருக்குத் திரும்புகிறது. நைட்ரஜன் உரம் தாராளமாக உள்ள நிலத்தில் நுண்ணுயிர்கள் கசிவையே தின்று மட்கை விட்டுவிடுவதும் உண்டு.

நுண்ணுயிர் தொடங்கிவைக்காத வழியும் ஒன்று உள்ளது. வேர் கசியும் ஆக்சாலிக் அமிலம், இரும்பு, அலுமினியக் கனிமங்களோடு ஒட்டிக் காப்பாக இருந்த கரிமத்தை விடுவிப்பதை 2015இல் கைலுவைட் குழு காட்டியது.

ஆழ்மண்ணைப் பற்றிய சான்று பிரான்சின் புல்வெளியொன்றிலிருந்து வந்தது. 60–80 செ.மீ. ஆழத்து மண்ணில் புதிய செல்லுலோசைச் சேர்த்ததும், சுமார் 2,500 ஆண்டுப் பழமையான கரிமம் சிதையத் தொடங்கியதாக 2007இல் ஃபொன்டெய்ன் குழு அறிவித்தது. ஆழவேர்ப் பயிர்களை மண்ணில் கரிமம் சேர்க்கும் வழியாக மட்டும் பார்ப்பவர்கள் படிக்க வேண்டிய முடிவு இது.

காட்கில் விளைவு

நியூசிலாந்தின் ரேடியேட்டா பைன் தோட்டங்களில் ரூத் காட்கில், பீட்டர் காட்கில் இருவரும் 1971இல் வெளியிட்ட ஆய்வு எதிர்த்திசையில் நின்றது. அகழி வெட்டி வேர்களையும் அவற்றோடு வாழும் வேர்ப்பூஞ்சைகளையும் விலக்கிய இடத்தில் சருகு விரைவாக மட்கியது. மட்கவைக்கும் பூஞ்சைகளுக்கு வேண்டிய ஊட்டத்தை வேர்ப்பூஞ்சைகள் முந்திக்கொண்டு எடுத்துவிடுகின்றன என்பது இதற்கான விளக்கம். எல்லாக் காடுகளிலும் இது காணப்படவில்லை.

அளவீடு

மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் கரிமத்தில் கரிமம்-13இன் விகிதம் நெல், கோதுமையில் உள்ளதைவிடக் கூடுதல். ஆகவே ஒருவகைச் செடிகள் வளர்ந்துவந்த மண்ணில் மறுவகையை நட்டால், வெளியேறும் கரியமில வாயுவில் வேரின் பங்கையும் மட்கின் பங்கையும் பிரித்தறியலாம்.

இன்றைய நிலை

2017இல் வந்த தொகுப்பாய்வு, வேர் இருக்கும்போது மட்குச் சிதைவு சராசரியாக 59% கூடுவதாகக் கணக்கிட்டது. வடதுருவ உறைமண்ணில் மட்டும் இவ்விளைவால் 2100க்குள் சுமார் 4,000 கோடி டன் கரிமம் கூடுதலாக வெளியேறலாம் என்பது 2020ஆம் ஆண்டு மதிப்பீடு.