வாயு கண்டறியும் கருவி எந்த உயரத்தில் உள்ளது?

ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில், வாயு கண்டறியும் நிலைக்கருவியைப் பொருத்தியிருப்பதாக நிர்வாகம் கூறுவது மட்டும் போதாது. அது எந்த உயரத்தில், எவர் பணியாற்றும் இடத்தில் உள்ளது என்றும் கேட்க வேண்டும்.

கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனமானது, தாழ்விடங்களில் தேங்கும். அதற்கான கருவி தரையிலிருந்து சுமார் 30 முதல் 50 செ.மீ. உயரத்தில், நீர் தெறிக்காதவாறு அமைய வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. அதற்குரிய இடம் கூரையை ஒட்டியது. ஹைட்ரஜன் சல்பைடின் செறிவு 100 பிபிஎம் அளவை எட்டும்போது மோப்ப உணர்வு மரத்துவிடும்; வாடையை நம்பி இறங்க இயலாது.

ஆனால், சுவரிலுள்ள கருவி தொட்டிக்குள் இருக்கும் காற்றை அளக்காது. அங்கு இறக்கப்படுவோர் பெரும்பாலும் தலித் ஒப்பந்தத் தொழிலாளர்களே. பாதுகாப்புச் சாதனங்களின்றி மலக்குழியைத் துப்புரவு செய்ய மனிதரை ஈடுபடுத்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடைசெய்கிறது. வழங்கப்பட வேண்டிய சாதனங்களில் நான்கு வாயுக்களை அளக்கும் கருவியையும் அதன் விதிகள் சேர்த்துள்ளன. இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

மரணம் நேர்ந்தால் உடனே கோர வேண்டியவை மூன்று: கருவிகளின் அமைவிட வரைபடம், அளவுத்திருத்தப் பதிவேடு, தொட்டிக்குள் இறங்க வழங்கிய அனுமதிச் சீட்டு. இவற்றில் எது இல்லாவிடினும், அந்த இன்மையே அலட்சியத்தைக் காட்டும் சான்றாகும்.