சான்சிபார் கிராம்பு: மரமும் ஆளும் சந்தையும்

முன்னுரை

தான்சானியாவின் கரையோரம், இந்தியப் பெருங்கடலில் அமைந்த உங்குஜா, பெம்பா ஆகிய இரு பெரிய தீவுகளும் சில சிறு தீவுகளும் சேர்ந்ததே சான்சிபார். மொலுக்காத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட கிராம்பு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இங்கு வந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் உலகச் சந்தையின் பெரும்பங்குக் கிராம்பை இத்தீவுகளே அனுப்பின. ஆனால் மரத்துக்கு உரியவர் கையில் ஆதாயம் தங்கவில்லை. பறிக்கும் ஆள், முன்பணம், கொள்முதல் ஆகிய மூன்றும் யார் வசம் இருந்தனவோ அவர்களே இப்பயிரின் போக்கைத் தீர்மானித்தனர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோட்டங்களின் பெருக்கம்

1698இல் மொம்பாசாக் கோட்டையிலிருந்து போர்த்துக்கீசியரை வெளியேற்றிய ஓமானியர், கிழக்காப்பிரிக்கக் கரையில் படிப்படியாகக் காலூன்றினர். ஓமானின் ஆட்சியாளர் சையித் சயீத் (1806–1856) தம் அரசவையையே மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்கு மாற்றினார். ஒரு தென்னைக்கு மூன்று கிராம்பு மரம் வீதம் நடவேண்டும் என்று அவர் ஆணையிட்டதாகச் சொல்லப்படுகிறது. உங்குஜாவின் மேற்குப் பகுதியிலிருந்த வளமான மண் அரபுத் தோட்டங்களாயிற்று. பவளப்பாறை மண்டிய கிழக்கு, தெற்குப் பகுதிகளே உள்ளூர் ஹதிமு மக்களுக்கு எஞ்சின.

கிராம்பு ஆள்பலத்தை நம்பிய பயிர். மொட்டு பச்சை மாறிச் சிவக்கத் தொடங்கும்போதே பறித்துவிட வேண்டும். பூத்துவிட்டால் விலை போகாது. ஒரே மரத்தில் எல்லா மொட்டும் ஒருசேர முதிர்வதில்லை. எனவே ஒரு பருவத்திலேயே அம்மரத்தில் பலமுறை ஏற வேண்டும். கொத்தாகப் பறித்ததைக் காம்பு நீக்கி, பாயில் பரப்பி, கரும்பழுப்பாகும்வரை சில நாள் வெயிலில் காயவைப்பார்கள். மழை வந்தால் அள்ளி உள்ளே சேர்க்க வேண்டும். இத்தனை வேலைக்கும் ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளே பயன்பட்டனர்.

ஆள் வாங்கவும் தோட்டம் போடவும் வேண்டிய பணத்தைக் கச்சு, குஜராத் வணிகர்கள் கடனாகக் கொடுத்தனர். துறைமுகச் சுங்க வசூல் குத்தகையும் அவர்களுள் ஒருவரான ஜைராம் சிவ்ஜியின் நிறுவனத்திடம் நெடுங்காலம் இருந்தது. 1840களிலேயே விளைச்சல் மிகுந்து விலை சரிந்ததையும், நிலவுடைமையாளர் கடனில் ஆழ்ந்ததையும் வரலாற்றாசிரியர் அப்துல் ஷெரீஃப் எடுத்துக்காட்டியுள்ளார்.

அடிமைமுறையின் முடிவு

1872இல் வீசிய சூறாவளி உங்குஜாவின் கிராம்பு மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. பெம்பா பெரிதும் தப்பியதால் அதன்பின் அத்தீவே முதன்மை விளைநிலமாயிற்று. மறு ஆண்டே பிரிட்டிஷ் நெருக்குதலுக்குப் பணிந்து சுல்தான் பர்காஷ் அடிமைச் சந்தையை மூடினார். 1890இல் சான்சிபார் பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டது. 1897ஆம் ஆண்டு ஆணை அடிமைநிலைக்குரிய சட்ட ஏற்பை நீக்கியது. ஆயினும் விடுதலை தானாக வரவில்லை. அடிமை நீதிமன்றம் சென்று கேட்டுப் பெற வேண்டும், உரிமையாளருக்கோ இழப்பீடு உண்டு. ஆசைநாயகியராக வைக்கப்பட்ட பெண்களுக்கு அந்த உரிமையும் 1909வரை மறுக்கப்பட்டது.

விடுதலை பெற்றவர்கள் கூலித் தொழிலாளராக மாறுவார்கள் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. அவர்களில் பலர் தோட்டத்திலேயே குடிசை போட்டு, மரங்களுக்கிடையே மரவள்ளி பயிரிட்டு வாழத் தலைப்பட்டனர். பறிப்புக் காலத்தில் வெளியாட்களைக் கூலி கொடுத்து அழைக்கும் நிலை உரிமையாளருக்கு ஏற்பட்டது. வரலாற்றாசிரியர் ஃப்ரெடெரிக் கூப்பர் ஆராய்ந்துள்ள இம்மாற்றம் நிலவுடைமையாளரின் கடனை மேலும் பெருக்கியது.

கொள்முதலுக்கான போட்டி

1930களின் பெருமந்தத்தில் கிராம்பு விலை வீழ்ந்தது. அடமானத்திலிருந்த அரபுத் தோட்டங்கள் இந்தியர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய நிர்வாகம், 1934இல் நில உரிமை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. கிராம்பு விவசாயிகள் சங்கத்துக்கும் வாணிப அதிகாரங்கள் தந்தது. நிலைமையை ஆராய இந்திய அரசு கே. பி. எஸ். மேனன் என்னும் அதிகாரியை அனுப்பியது. 1937இல் அச்சங்கத்துக்குக் கொள்முதல் உரிமை முழுவதும் போய்ச்சேர, இந்திய வணிகர்கள் வாங்க மறுத்தனர். இந்திய தேசிய காங்கிரஸும் சான்சிபார் கிராம்பைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. இந்தியா முக்கியச் சந்தைகளுள் ஒன்றாதலால் அடி பலமாக விழுந்தது. 1938இல் வணிகருக்கும் பங்கு தரும் உடன்பாட்டோடு பூசல் ஓய்ந்தது.

புரட்சிக்குப் பின்

1963 டிசம்பரில் விடுதலை கிடைத்தது. 1964 ஜனவரி 12இல் வெடித்த புரட்சியில் சுல்தான் நாட்டைவிட்டு ஓடினார். அரபு, இந்திய மக்கள் பலர் கொல்லப்பட்டனர் அல்லது வெளியேறினர். ஏப்ரலில் சான்சிபார் டாங்கனிக்காவுடன் இணைந்தது. அபெய்த் கருமேயின் தலைமையிலான புரட்சி அரசு தோட்டங்களைக் கையகப்படுத்தி, ஏழைக் குடும்பங்களுக்கு மூன்று ஏக்கர் வீதம் பகிர்ந்தளித்தது. கொள்முதலையோ அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. உலக விலைக்கும் விவசாயிக்குக் கிடைத்த விலைக்கும் இடைவெளி விரிந்தது. மரங்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் குன்றி, கென்யாவுக்குக் கடத்தல் வளர்ந்தது. கிராம்பு கலந்த கிரெடெக் சிகரெட்டுக்காக அதை வாங்கிக் குவித்த இந்தோனேசியா, சொந்தத் தோட்டங்களைப் பெருக்கி 1980களில் தன்னிறைவை நெருங்கவே உலக விலையும் சரிந்தது.

முடிவுரை

சுல்தான் காலத்தில் கடன் கொடுத்தவரும், பிரிட்டிஷ் காலத்தில் சங்கமும் வணிகரும், புரட்சிக்குப் பின் அரசும் கொள்முதலைப் பிடித்திருந்தனர். அடிமை விடுதலையும் நிலப் பகிர்வும் சமூக உறவுகளைப் புரட்டிப்போட்ட பெருமாற்றங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் விலையை முடிவுசெய்யும் இடத்தில் பறிப்பவரும் பயிரிடுபவரும் எந்தக் கட்டத்திலும் அமரவில்லை. நில உரிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் 1964 ஒரு முழு முறிவாகத் தோன்றும். கொள்முதலைச் சேர்த்துப் பார்த்தால், 1937இல் தொடங்கிய முற்றுரிமை முயற்சி அரசின் கையில் நிறைவேறிய ஆண்டாகவும் அது தெரிகிறது.