மூன்று வருஷத்தில் மூன்று அலமாரி

"புதுசா நல்ல மர்ம நாவல் ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா சரித்திரக் கதை. அதுவும் இல்லேன்னா ஒரு நல்ல குடும்பக் கதை." நாவல் படிக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்பவர்கள் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று சேராத மூன்று பண்டங்களாகத்தான் நினைக்கிறார்கள். கடைக்காரர்களும் அப்படித்தான் தனித்தனியாக அடுக்குகிறார்கள். இந்தப் பிரிவினை எப்போது வந்தது என்று தேடிப் பார்த்தால், தமிழில் மூன்றுமே ஏறக்குறைய ஒரே நேரத்தில், மூன்றே வருஷத்துக்குள், ஒரே கர்ப்பத்தில் பிறந்தவை என்று தெரிகிறது.

1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்த சங்கதி. அவர் முன்சீப் வேலை பார்த்தவர், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துப் போட்டவர் என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த பெரிய அலை 1893இல். இருபத்தோரு வயதுப் பையன் ஒருவர், வத்தலக்குண்டு ராஜம் ஐயர், 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடராக எழுத ஆரம்பிக்கிறார். 1895இல் முடிகிறது. நடுவில், 1894இல், பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்' வருகிறது. தமிழின் முதல் துப்பறியும் நூல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1895இல் திருகோணமலைக்காரரான தி.த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையில் அச்சாகிறது. மதுரை சொக்கநாத நாயக்கரும் தஞ்சை நாயக்கர்களும் வரும் கதை. முதல் தமிழ்ச் சரித்திர நாவல் என்ற பெயர் இதற்கு. குடும்பம், மர்மம், சரித்திரம் என்று மூன்று அலமாரிக்கும் அடிக்கல் நட்டாயிற்று.

இதில் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் மூவரும் மூச்சு விட்ட காற்று ஒன்றுதான். 1859இல் மதராஸ் போலீஸ் சட்டம், 1862இல் உயர் நீதிமன்றம், 1872இல் சாட்சியச் சட்டம் என்று வரிசையாக வந்து, ஒரு தலைமுறைக்குள் சாதாரணக் குடும்பத்தின் சண்டை சச்சரவுகள் கச்சேரிக்குப் போக ஆரம்பித்திருந்தன. யார் சொல்வது உண்மை, எதை வைத்து நம்புவது, பழைய பத்திரம் என்ன சொல்கிறது? வக்கீல் கேட்கிற இந்தக் கேள்விகளையேதான் துப்பறிகிறவனும் சரித்திரக்காரனும் கேட்கிறார்கள். மாமியாரும்தான், வேறு தொனியில். நடேச சாஸ்திரி தொல்லியல் துறையில் கல்வெட்டு படித்த மனிதர், நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தவர். கல்வெட்டு படிக்கிறவர் போலீஸ் கதை எழுதுகிறார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டும் தடயம் தேடுகிற வேலை. (தானவன் என்றால் அசுரன். அந்தக் காலத்தில் பிரிட்டனில் டிக் டானவன் என்ற துப்பறிவாளன் பிரபலம். பெயரைக் காதால் கேட்டாலே உறவு புரிந்துவிடும். போலீஸ்காரனுக்கு அசுரன் பேர் வைத்தது தற்செயலா, குசும்பா என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன்.)

'கமலாம்பாள் சரித்திர'த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப நாவல் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆனால் அதில் பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரன் வருகிறான், திருட்டு நடக்கிறது, குழந்தை காணாமல் போகிறது, வீட்டுப் பெண்மேல் அவதூறு கிளம்புகிறது. அந்த நாவலின் இன்னொரு பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம்'. இந்தச் சரக்கை இன்றைக்கு ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தால் அட்டையில் ரத்தத் துளி போட்டு விற்பார். ராஜம் ஐயர் 1898இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். இருந்திருந்தால் எந்த அலமாரிக்குப் போயிருப்பாரோ.

பிறகு வந்த முப்பது நாற்பது வருஷத்திலும் சுவர் எழும்பவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் மூவரையும் துப்பறியும் நாவல்காரர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். வடுவூராரின் 'மேனகா'வைப் பிரித்துப் பார்த்தால் அது நாத்தனார் கொடுமைக் கதை. புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் நேரலாம் என்ற பயம்தான் அதன் எஞ்சின். துப்பறிகிறவர் வந்து சேர்வது அந்தப் பயத்துக்கு மருந்தாக. ஐந்து வயதில் கல்யாணம் ஆகி, பள்ளிக்கூடம் போகாமல், 1925இலிருந்து 'ஜகன்மோகினி'யை நடத்தி, நூற்றுப் பதினைந்து நாவல் எழுதிய வை.மு. கோதைநாயகி அம்மாளும் இரண்டையும் கலந்துதான் எழுதினார். வாங்கிப் படித்த பெண்கள் அலமாரி பார்த்து வாங்கவில்லை.

சரித்திரப் பக்கம் கல்கி. 'பொன்னியின் செல்வன்' சரித்திர நாவல் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் 1950இலிருந்து 1954வரை வாரா வாரம் ஜனங்கள் பத்திரிகைக்குக் காத்திருந்ததற்கு ஒரு கொலையும் காரணம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி கடைசிவரை நேராகப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டார். அவர் கையில் இருந்த தடயம் அவ்வளவுதான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களது உறவினர் நிலங்கள்வரை பறிமுதலானதைப் பேசுகிறது. கொன்றவர்கள் பெயர் இருக்கிறது, தூண்டியவர் பெயர் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். வழக்கு இன்னும் நிலுவையில். இதைவிட நல்ல மர்மக் கதை எந்த ரயில் நிலையக் கடையில் கிடைக்கும்?

சுவர் எழும்பியது அதற்குப் பிறகு, மாத நாவல்கள் வந்தபோது என்று நினைக்கிறேன். 'ராணிமுத்து', 'மாலைமதி', அப்புறம் 'க்ரைம் நாவல்' என்று விலை மலிவாக, கைக்கு அடக்கமாக வந்து குவிந்தன. எந்த மாதம் எது என்று வாசகருக்கு அட்டையைப் பார்த்ததுமே தெரிய வேண்டும், அதனால் பிரித்தார்கள். வியாபாரத்துக்கு அது நியாயம். கூடவே ஒரு வினையும் வந்தது: மர்மம் என்றால் மட்டம், குடும்பம் என்றால் பெண்களுக்கு, சரித்திரம் என்றால் தாத்தாவுக்கு என்று ஆகிவிட்டது. சுஜாதா மட்டும் அவ்வப்போது சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் கணேஷையும் வசந்தையும் கணேச பட்டர், வசந்தகுமாரன் என்று ராஜராஜன் காலத்துக்கே ஏற்றுமதி செய்துவிட்டார். விளையாட்டுத்தான், ஆனால் சுகமான விளையாட்டு.

சரி, பரிந்துரைக்கு வருவோம். கடந்த பதினைந்து வருஷத்துக்குள் வந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மர்மம் கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. விருது நாவல் என்றதும் ஓடாதீர்கள். வீட்டை எதிர்த்து ஓர் ஆட்டோ டிரைவரைக் கட்டிக்கொண்ட படித்த பெண் ரேவதி, உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். தானே பற்றவைத்துக்கொண்டாளா, புருஷன் வைத்தானா? வார்டுக்கு வெளியே அப்பா, அம்மா, அண்ணன், உறவினர், போலீஸ் என்று எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சாலேயே நகரும் நாவல். துப்பறிகிறவர் யாரும் வரமாட்டார். வந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது பாதி படிக்கும்போதே உறைக்கும். வடுவூரார் காலத்துப் பயம் நூறு வருஷம் கழித்து மருந்தில்லாமல் நிற்கிறது. குடும்ப நாவல் கேட்டு வந்தவர்களுக்கும் இதையே கொடுப்பேன், ஆனால் எச்சரித்துவிட்டு.

"அதெல்லாம் வேணாம், ஓட்டமா இருக்கணும்" என்றால் இரா. முருகவேளின் 'மிளிர் கல்'. கண்ணகி நடந்த வழியைத் தேடிப் போகிறவர்கள், காங்கேயம் பக்கத்து மண்ணுக்கடியில் இருக்கும் ரத்தினக் கற்கள், அந்தக் கற்களைச் சுற்றி வட்டமிடும் கம்பெனிகள். சிலம்பை வைத்துக்கொண்டு துரத்தல் கதை எழுத முடியும் என்று காட்டிய நாவல். நடுநடுவே விளக்கவுரை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளலாம். சிறுகதை போதும் என்பவர்களுக்கு ஜெயமோகனின் 'பத்துலட்சம் காலடிகள்'. போலீஸ் வேலை பார்த்த ஔசேப்பச்சன் நண்பர்களுக்குக் கதை சொல்கிறார். கொலை இருக்கிறது, ஆனால் விடை தெரிந்ததும் கதை முடிந்துவிடாது. அங்கேதான் வலிக்க ஆரம்பிக்கிறது.

சரித்திரத்தில் ராஜாக்கள் வேண்டும் என்றால் மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'. 1801 போராட்டம் தோற்றபின் சிவகங்கையின் பெரிய உடையணத் தேவரையும் கூட இருந்தவர்களையும் கம்பெனி கப்பலேற்றிக் கடல் கடத்திய கதை. வாள்வீச்சு இல்லை, கப்பலும் காத்திருப்பும்தான். சரித்திரக் கதையில் ராஜா ஜெயித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது. ராஜாக்கள் வேண்டாம் என்றால் ஜெயமோகனின் 'வெள்ளை யானை': தாது வருஷப் பஞ்சம், சென்னை ஐஸ் ஹவுஸ் தொழிலாளர்கள், மனசாட்சி உறுத்துகிற ஓர் ஐரிஷ் அதிகாரி.

குடும்ப நாவலில் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. கொங்குநாட்டுக் குடிநாவிதர் குடும்பம், மையத்தில் காரு மாமா. ஒரு சாவில் கூடுகிற சொந்தபந்தம், அழுகை, பழைய கோபம், திரும்ப ஒட்டிக்கொள்ளும் பாசம். அளவில் சின்னது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்ததும் யாருக்காவது ஃபோன் பண்ணத் தோன்றும்.

முதல் மூன்று நாவல்களுக்கும் இவற்றுக்கும் நடுவே மாறியது வகை இல்லை, வீடு. 1890களில் நாவலுக்குள் நுழைந்த வீடுகள் கச்சேரிக்குப் போக வசதியிருந்தவை. அக்கிரகாரம், நாயக்கர் அரண்மனை, பெரிய மனிதர் மாளிகை. குடிநாவிதரின் வீட்டையும் வண்ணாரின் வீட்டையும் அந்த நாவல்கள் வாசலில் நின்றுகூடப் பார்த்ததில்லை. அங்கேயும் களவு இருந்தது, கொலை இருந்தது, வம்ச வரலாறு இருந்தது. எழுதுவாரில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் எனக்கு 1895 என்ற வருஷம் உறுத்துகிறது. சென்னையில் 'மோகனாங்கி' அச்சேறிய அதே வருஷம், தெற்கே கழுகுமலையில் நாடார்களின் ஊர்வலம் தேர் ஓடும் வீதியில் போகலாமா கூடாதா என்ற தகராறு பெரும் கலவரமாக வெடித்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. நாலு வருஷம் கழித்து, 1899இல், சிவகாசிக் கொள்ளை. வழக்கு, சாட்சி, தண்டனை எல்லாம் அரசாங்கக் காகிதங்களில் ஏறின. ஆனால் சரித்திர நாவல் என்று ஒன்று பிறந்துவிட்ட அந்த மொழியில், பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்த சரித்திரம் பெரிய நாவலாக 2012வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் பூமணியின் 'அஞ்ஞாடி'. ஆவணங்களைத் தேடித் தேடி எழுதியது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். கலிங்கல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக நகரும் குடும்பங்கள், அவற்றின்மேல் வந்து விழும் கழுகுமலையும் சிவகாசியும். சரித்திரமா குடும்பமா குற்றக் கதையா என்று கேட்டால் மூன்றுக்கும் ஆமாம்.

தடிமனைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ஆண்டியும் மாரியும் பொடியன்களாகச் சுற்றித் திரிகிற பகுதியை மட்டும் படியுங்கள். ஒருவன் பள்ளர் வீட்டுப் பிள்ளை, இன்னொருவன் வண்ணார் வீட்டுப் பிள்ளை. கரிசல் வழக்கு முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிறகு காதில் கேட்க ஆரம்பித்துவிடும். அந்த இரண்டு பேரும் பிடித்துப்போனால் மிச்சத்தை அவர்களே கூட்டிக்கொண்டு போவார்கள்.