போர்டோ மதுவும் 1855-ஆம் ஆண்டுப் பட்டியலும்

வெற்றிலைக் கொடிக்காலிலும் திராட்சைத் தோட்டத்திலும் நம் உழவர்கள் பயன்படுத்தும் நீலநிற மருந்து ஒன்று உண்டு. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கரைத்துச் செய்யும் அதற்குப் ‘போர்டோக் கலவை’ என்று பெயர். போர்டோ என்பது பிரான்சு நாட்டின் தென்மேற்கில், கரோன் ஆற்றங்கரையில் உள்ள துறைமுக நகரம். அதனை அடுத்த மெடோக் பகுதியில், சாலையோரத்துப் பழங்களை வழிப்போக்கர் பறித்துத் தின்னாதிருக்கும் பொருட்டுத் தோட்டக்காரர்கள் இத்தகைய கலவையைக் கொடிகளின்மீது தெளித்துவைப்பது வழக்கம். 1882-ஆம் ஆண்டில் நோய் கண்டு மற்றக் கொடிகளெல்லாம் இலையுதிர்ந்து நிற்க, தெளிக்கப்பட்டவை மட்டும் பசுமை மாறாது நிற்பதை மிலார்தே என்னும் தாவரவியல் பேராசிரியர் கண்டார். ஆராய்ந்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார். திருட்டுக்கு அஞ்சிச் செய்த காவல், உழவர்க்கெல்லாம் மருந்தாயிற்று.

ஆயினும் போர்டோவின் பெயரை உலகறியச் செய்தது அம்மருந்தன்று. அங்கு விளையும் திராட்சை மது. அதன் விலையைப் பற்றியே பேச விரும்புகிறேன். குடியைப் போற்றுவது என் நோக்கமன்று. ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டில், ஒரே இனப் பழங்களிலிருந்து செய்த இரண்டு புட்டிகளை எடுத்துக்கொண்டால், ஒன்றின் விலை மற்றதைப்போல் நூறு மடங்காக இருக்கக் காண்கிறோம். சுவையும் நூறு மடங்கோ? இல்லையென்று எவரும் எளிதிற் சொல்லிவிடுவர். அப்படியானால் எஞ்சிய விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது? இதற்கு விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

1152-ஆம் ஆண்டில் அக்கிதேன் நாட்டு அரசி எலினோர், ஹென்றி பிளாண்டாஜெனட்டை மணந்தாள். இரண்டே ஆண்டுகளில் அவன் இங்கிலாந்தின் அரசனாக முடிசூடினான். அன்று முதல் 1453-இல் காஸ்தியோன் போர்க்களத்தில் ஆங்கிலேயர் தோற்கும் வரையில், முந்நூறு ஆண்டுகள் போர்டோ ஆங்கில முடியின் கீழ் இருந்தது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கப்பல்கள் வந்து புதுமதுவை ஏற்றிச் சென்றன. ஒரு கப்பல் எத்தனை பெரும்பீப்பாய்களை ஏற்றும் என்பதைக் கொண்டே அதன் கொள்ளளவைச் சொன்னார்கள். இன்று நாம் ‘டன்’ என்று எடை சொல்கிறோமே, அச்சொல் அந்தப் பீப்பாயின் பெயர்தான்.

அக்காலத்தில் பழைய மதுவுக்கு மதிப்பில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பீப்பாயில் காற்றுப் புகுந்து, ஓராண்டுக்குள் மது புளித்துவிடும். ஆகவே புதியதே விலை மிக்கது. சென்ற ஆண்டின் சரக்கு மலிவு. போர்டோ நகரத்தார் இந்நிலையைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டனர். ஆற்றின் மேற்புறத்து ஊர்களில் விளைந்த மது, குளிர்காலம் வரும் வரையில் துறைமுகத்துக்குள் நுழையலாகாது என்று சலுகை பெற்றனர். அவ்வூர் மது வந்து சேர்வதற்குள் கப்பல்கள் நகரத்தாரின் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விடும். மேற்புறத்து மது தாழ்ந்தது என்பதனாலன்று, காலந்தாழ்ந்து வந்ததனாலேயே விலை குறைந்தது. 1776-இல் அமைச்சர் துர்கோ நீக்கும் வரையில் இந்தத் தடை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் வந்தனர். மெடோக் பகுதியின் சதுப்பு நிலங்களை வடித்தவர்கள் அவர்களே. பீப்பாய்க்குள் கந்தகத்திரியை எரித்து மதுவைக் கெடாமற் காக்கும் முறையைப் பரப்பியவர்களும் அவர்களே. அடுத்த நூற்றாண்டில், பக்கவாட்டில் படுக்கவைக்கத்தக்க நீண்ட புட்டியும் இறுக்கமான தக்கை அடைப்பானும் வழக்கிற்கு வந்தன. படுக்கவைத்த புட்டியில் மது தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும்; தக்கை உலர்ந்து சுருங்காது; காற்றுப் புகாது. இருண்ட, குளிர்ந்த நிலவறையில் ஆண்டுகள் பல கழிய, கொட்டைப்பாக்கைப் போன்ற துவர்ப்பு மெல்லத் தணிந்து, மணம் கூடிற்று. ஆயிரம் ஆண்டு வழக்கம் தலைகீழாயிற்று. பழையதற்கு விலை ஏறியது. சேமித்துவைக்க வசதியுள்ளவனுக்கு மது ஒரு சொத்தாக ஆனது.

இங்கிலாந்தின் சுங்கவரி செய்த வேலையையும் கூறவேண்டும். பிரான்சுடன் ஓயாத போர். ஆதலின் பிரெஞ்சு மதுவுக்குக் கடும் வரி. 1703-ஆம் ஆண்டு மெதுவென் உடன்படிக்கை போர்ச்சுகல் மதுவுக்கு வரிச்சலுகை தந்தது. பிரெஞ்சு மதுவின் வரியோ விலையைப் பொறுத்ததன்று, அளவைப் பொறுத்தது. மலிவான பீப்பாய்க்கும் அதே வரி, உயர்ந்த பீப்பாய்க்கும் அதே வரி. இந்நிலையில் வணிகன் எதைக் கொண்டுவருவான்? செல்வர் வாங்கும் உயர்ந்த சரக்கையே கொண்டுவருவான். இலண்டனில் சில தோட்டங்களின் பெயர்கள் மட்டும் ஒளி பெற்றமைக்கு இது பெரிய காரணம் என்பது என் கருத்து. பொன்தாக் குடும்பத்தாரின் ஓ-பிரியோன் மதுவை 1663-லேயே சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1787-இல் போர்டோவுக்கு வந்த அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெபர்சன், முதல் தரமென நான்கு தோட்டங்களைக் குறித்துக்கொண்டார்: மார்கோ, லத்தூர், ஓ-பிரியோன், லஃபித்.

இனி 1855-க்கு வருவோம். மூன்றாம் நெப்போலியன் பாரிசில் உலகக் கண்காட்சி ஒன்றை நடத்தினான். அதற்காகப் போர்டோ வணிகர் மன்றம், உயர்ந்த தோட்டங்களின் பட்டியல் ஒன்று வேண்டுமென்று தரகர் சங்கத்தைக் கேட்டது. கேட்ட நாள் ஏப்ரல் 5. பட்டியல் வந்த நாள் ஏப்ரல் 18. இரண்டு வாரத்துக்குள் எத்தனை புட்டிகளைத் திறந்து சுவைத்திருக்க முடியும்? அவர்கள் சுவைக்கவே முற்படவில்லை. தங்கள் கணக்கேடுகளில் பல்லாண்டு விலைகள் இருந்தன, அவற்றை அடுக்கினார்கள். 900 லிட்டருக்கு ஏறத்தாழ 3,000 பிராங்கு பெற்றவை முதல் வகுப்பு. அதற்குக் கீழே படிப்படியாக இறங்கி, 1,400 பிராங்கு அளவில் விற்றவை ஐந்தாம் வகுப்பு. முதல் வகுப்பில் நின்றவை, ஜெபர்சன் குறித்த அதே நான்கு!

தரகர்களைக் குறை கூறுவதற்கில்லை. நெடுங்காலச் சந்தை விலையும் தரத்துக்கு ஒரு சான்றுதான். அந்நாளின் நிலையைக் காட்டுவதற்கு மேல் அவர்கள் வேறு எதையும் கோரவில்லை. பிழை பின்வந்தோருடையது. அன்றைய விலையை என்றைக்கும் உரிய தரமாக்கிவிட்டார்கள். அந்தச் செவ்வகைப் பட்டியலில் இன்றுவரை குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றே: 1973-இல், வேளாண்மை அமைச்சராக இருந்த ழாக் சிராக் கையொப்பத்துடன் மூதோன்-ரோத்சீல்து இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்ந்தது. மேலும், தரம் நிலத்துக்குரியதன்று, பெயருக்குரியது. பட்டியலில் உள்ள ஒருவர் அடுத்த நிலத்தை வாங்கினால், அதில் விளைவதும் மறுநாளே உயர்குலத்ததாகிவிடும். இந்தியா வரையில் மது அனுப்பி, கீழைநாட்டுக் கோபுரங்கள் போன்ற முகப்புடன் மதுக்கூடம் எழுப்பிய லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் என்பவர், கடன் தாங்காமல் 1852-இல் தம் தோட்டத்தை விற்று, மறு ஆண்டே இறந்தார். இரண்டாம் வகுப்பு என்னும் பெருமையை 1855-இல் பெற்றது அந்தத் தோட்டம். அதை அனுபவித்தவர் வேறொருவர்.

பட்டியலில் இடம் பெறாதவற்றையும் பாருங்கள். சிவப்பு மதுவில் ஓ-பிரியோன் நீங்கலாக எல்லாம் மெடோக் தோட்டங்களே. தொர்தோஞ் ஆற்றுக்கு அப்பாலுள்ள சேந்த்-எமிலியோன், பொமெரோல் ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லை. அவ்வூர்ச் சரக்கு லிபூர்ன் நகர வணிகர் வழியே சென்றது. போர்டோத் தரகர் கணக்கில் பெரிதும் ஏறவில்லை. சேந்த்-எமிலியோன் தனக்கெனத் தரவரிசை பெற்றது 1955-இல்தான். பொமெரோலுக்கு இன்றும் தரவரிசை இல்லை. ஆயினும் அவ்வூரின் பெத்ருஸ் மது முதல் வகுப்பு மதுக்களையும் விஞ்சிய விலைக்குப் போகிறது.

ஆகவே விலைக்குத் தக்க மதுவைத் தேடுகிறவன் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பட்டியலின் வேலிக்கு வெளியே என்ன இருக்கிறதென்று நிலப்படத்தை விரித்துப் பார்க்கவேண்டும். ஆங்கிலேயர் தோற்ற அந்தக் காஸ்தியோன் ஊரின் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், சேந்த்-எமிலியோன் மேட்டின் தொடர்ச்சி. விலையோ மிகக் குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்புகழ் பெற்றிருந்த ஃபிரோன்சாக், இன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. பிளே, பூர்கு ஆகிய ஊர்களும் அத்தகையன. இங்கெல்லாம் களிமண் மிகுதி. விரைவில் பழுக்கும் மெர்லோ என்னும் இனமே பெரும்பான்மை. துவர்ப்பு மென்மையாக இருப்பதால், மூன்று நான்கு ஆண்டுகளிலேயே இம்மது பருகத்தக்க பதத்தை அடைகிறது.

சேமித்துவைக்க விரும்புவோன் மெடோக்கின் சரளைமேட்டுக்குப் போகவேண்டும். நீர் தங்காத, வெப்பத்தை வாங்கிவைத்துக்கொள்ளும் அந்தச் சரளையில்தான், தாமதித்துப் பழுக்கும் காபர்னே-சோவிஞோன் நன்கு முதிர்கிறது. அதன் துவர்ப்பே மதுவின் ஆயுள். இங்கும் வகுப்புப் பெயர் தேவையில்லை. பட்டியலுக்கு வெளியே நின்ற 444 தோட்டங்களை 1932-இல் ‘குரு பூர்ழுவா’ என்று தொகுத்தனர். 2003-இல் செய்த திருத்தத்தை வழக்கொன்றின் முடிவாக 2007-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2020 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுவைத்துப் பார்த்தே தரம் தரப்படுகிறது. ஏப்ரல் 1855-இல் செய்யாததை இவர்கள் செய்கிறார்கள். 2010, 2016 போன்ற நல்லாண்டுகளில் இத்தகைய தோட்டங்களின் மது பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிலவறையில் இருந்து சிறக்கவல்லது. பெருந்தோட்டங்களின் இரண்டாம் மதுவும் உண்டு. லத்தூர் 1966 முதல் அவ்வாறு ஒன்றைச் செய்துவருகிறது. ஆனால் அதன் விலையிலும் முக்காற்பங்கு பெயர்தான் என்பேன்.

பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் கொடுத்து வாங்கும் முறை வேறு இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு விளைச்சலை அவ்வாறு வாங்கியவர்கள் பெரும்பொருள் ஈட்டினர். அதைக் கேள்வியுற்று 2010-ஆம் ஆண்டு விளைச்சலை உச்ச விலைக்கு வாங்கியவர்களிற் பலர், ஓரிரண்டு ஆண்டுகளில் விலை சரியக் கண்டனர்.

இந்தக் கணக்கெல்லாம் வாங்குவோன் கணக்கு. விளைவிப்போன் கணக்கு வேறு. பட்டியலில் இடம்பெறாத சிறு உழவனின் மது விற்காமல் தேங்கியது; பிரான்சிலேயே சிவப்பு மது பருகுவோர் குறைந்துபோயினர். 2023-ஆம் ஆண்டில் போர்டோப் பகுதியில் கொடிகளைப் பிடுங்குவோர்க்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை தருவதாக அறிவிக்கப்பட்டது; ஆயிரக்கணக்கான ஹெக்டேர்களுக்கு விண்ணப்பங்கள் வந்தன. பிடுங்கப்பட்டவை லஃபித்தின் கொடிகளல்ல. கரோனுக்கும் தொர்தோஞுக்கும் இடைப்பட்ட நிலத்திலும், பிளே, காஸ்தியோன் பக்கங்களிலும், புட்டி சில யூரோவுக்கு விற்றுவந்த குடும்பங்களின் கொடிகள் அவை.