அத்தை மேல் வந்த அம்மன்

இந்த ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கூழ்வார்த்தலுக்குப் போயிருந்தேன். ஊர் என்றால், திருவந்திபுரத்துக்கு மேற்கே கெடிலத்தை ஒட்டிய சிறு கிராமம். தேவநாத சுவாமியைச் சேவிக்கக் கார் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் யாரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் ஆள் இல்லாமல் நின்றுபோகும் நிலையில் இருந்த திருவிழா இது. இப்போது தெருவை அடைத்து ஃப்ளெக்ஸ் தட்டிகள், பம்பைக்கு ஒலிபெருக்கி, அலகு குத்திக்கொள்ள வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்று களை கட்டியிருக்கிறது.

இரவு கரகம் இறங்கும் நேரத்தில் ஓர் இளைஞனுக்குச் சாமி வந்தது. சுற்றி நின்றவர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "பழசெல்லாம் திரும்பி வருது சார்" என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. காலஞ்சென்ற என் அத்தையின் ஞாபகம்.

அத்தையைப் பற்றிச் சொல்லும் முன் சீனா வரைக்கும் ஒரு சுற்று போய்வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014இல் மகன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போயிருந்தேன். அங்கே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கப்பட்டது. நம் கடலூர், நாகப்பட்டினம் கரைகளிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கும்பிட்ட கோயில். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்குச் சற்று முன்னால் அங்கே தீமிதி நடக்கிறது. சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாக நடந்துவந்து, திரௌபதி அம்மனுக்காக நெருப்பில் இறங்குகிறார்கள். செஞ்சியையும் மேலச்சேரியையும் நடுவாக வைத்து நம் தென்னார்க்காடு முழுவதும் பரவியிருக்கும் அதே வழிபாடுதான். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட முதல் தொகுதியே செஞ்சியில்தான் தொடங்குகிறது.

அந்தக் கோயிலைச் சுற்றி இருப்பது சீனர்களின் பேட்டை. ஒருநாள் மகன் என்னை ஒரு சிறிய சீனக் கோயிலுக்கு அழைத்துப் போனான். உள்ளே மேளமும் தாளமும் அதிர, நடுவயதுக்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையை உலுக்கிக்கொண்டிருந்தார். அவரைத் 'தாங்கி' என்கிறார்கள். நம் காதுக்குத் தமிழ்ச் சொல்லாகவே கேட்கும், ஆனால் அது ஹொக்கியன் சீனச் சொல். குரங்கு தெய்வமோ, குழந்தை தெய்வமோ அவர் மேல் இறங்கும். சிலர் கன்னத்தில் வேல் குத்திக்கொள்வதும் உண்டு. ஒரு கிழவி முன்னால் போய் ஏதோ கேட்டாள். அவர் வேறொரு குரலில் பதில் சொன்னார், உதவியாளர் அதை அவளுக்கு விளக்கினார். மந்திரம் எழுதிய காகிதத்தை வாங்கிக்கொண்டு கிழவி கண்ணைத் துடைத்தாள். எனக்கு மொழிதான் புரியவில்லை, மற்றதெல்லாம் புரிந்தது.

பள்ளியில் எனக்குப் பிரெஞ்சு வழிக் கல்வி. அதனால் ஊர் திரும்பியதும் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். மிர்சியா எலியாடே 1951இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஷாமன்கள் பற்றிய பெரிய புத்தகத்தை ஒரு மாதம் படித்தேன். அவர் சொல்லும் அசல் ஷாமனின் உயிர் உடலை விட்டு வெளியே பயணம் போய்த் திரும்புகிறது. நம் சாமியாடி எங்கும் போவதில்லை, சாமிதான் அவரைத் தேடி வருகிறது. சீனாவில் இரண்டு வகையும் உண்டு.

சீனாவில் 'வூ' என்று சொல்லப்பட்ட இவர்களைக் குறிக்கும் எழுத்து மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய எலும்பு எழுத்துகளிலேயே இருக்கிறது. மஞ்சு அரசர்கள் பெய்ஜிங் அரண்மனைக்குள்ளேயே ஷாமன் சடங்குகள் செய்தார்கள், 1747இல் அதற்கென்று ஒரு விதிநூலும் தொகுக்கச் சொன்னார்கள். பிறகு காலம் மாறியது. எந்தச் சாமி இருக்கலாம், எந்தச் சாமி போகவேண்டும் என்று 1928இல் குடியரசு அரசாங்கம் பட்டியல் போட்டது. 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது 'பழையன' எல்லாவற்றையும் ஒழிக்கக் கிளம்பினார்கள், மேளமும் முகமூடியும் நெருப்புக்குப் போயின.

நான் படித்ததில் என்னை உலுக்கியது ஒரு சின்னச் செய்தி. வடகிழக்குச் சீனாவில் ஓரோச்சென் என்ற வேட்டைக்கார மக்கள் இருக்கிறார்கள். 'ஷாமன்' என்ற சொல்லே அவர்களுக்கு உறவான மக்களின் பேச்சிலிருந்து வந்ததுதான். 1952இல் கட்சிக்காரர்கள் வந்து மூடநம்பிக்கையைக் கைவிடச் சொன்னார்கள். ஓரோச்சென் ஷாமன்களே மூன்று இரவுகள் சடங்கு நடத்தி, தங்கள் தெய்வங்களிடம், போய்விடுங்கள், இனி வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சுவோன்னாசுவான், அந்த மக்களின் கடைசி ஷாமன் என்று அறியப்பட்டவர், 2000இல் தமது 73ஆம் வயதில் காலமானார்.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தக் கட்சிக்காரர்களின் இடத்தில் ஒருநாள் நான் நின்றிருக்கிறேன்.

என் அத்தை சின்ன வயதிலேயே தாலி இழந்தவர். எங்கள் வீட்டிலேயே இருந்தார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவார், நல்ல காரியங்களில் முன்னால் வரமாட்டார், அண்ணனான என் அப்பாவின் எதிரில் நின்று பேசமாட்டார். ஆடி மாதம் பம்பைக்காரர் வர்ணிப்பு பாடத் தொடங்கினால் மட்டும் ஆளே வேறு. கையில் வேப்பிலையோடு நடுத்தெருவில் நிற்பார். அப்பாவையே "டேய்" என்பார். அப்பா கைகட்டி நிற்பார்.

ஒரு வருஷம் மருமகளைப் பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப மறுத்த வீட்டு ஆளைக் கூப்பிட்டு, "என் பொண்ணை ஏண்டா அழவைக்கிறே?" என்று ஊர் நடுவே கேட்டார். மறுநாள் காலையில் வண்டி கட்டி அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தார்கள். செவ்வாய், வெள்ளிகளில் எங்கள் திண்ணையில் நாலைந்து பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், குறி கேட்க. கேட்பது என்ன, பாதி நேரம் அழுவதுதான். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திருநீறு கொடுத்து அனுப்புவார்.

1978இல் எனக்குக் கல்யாணமான முதல் ஆடி. தலை ஆடிக்கு அழைக்கப் பெண்வீட்டார் சீரோடு புதுச்சேரியிலிருந்து வரும் நாளும் கூழ்வார்த்தலும் ஒன்றாக அமைந்துவிட்டது. பிரெஞ்சு பேசும் குடும்பம். நான் அடுப்படிக்குப் போய், "அத்தே, இந்த வருஷம் ஆடாதே. அவங்க படிச்சவங்க, என்னைக் கேவலமா நினைப்பாங்க" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானாப்பா ஆடுறேன்? அவ வர்றா. சரி, வராதேன்னு அவகிட்ட சொல்லிப் பாக்குறேன்."

அன்றிரவு பம்பை முழங்கியபோது அவர் வெளியே வரவில்லை. தண்ணீர் எடுக்க உள்ளே போன நான் பார்த்தேன். அம்மிக்கல்லை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க நடுக்கம், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு 1991இல் அவர் சாகும்வரை அம்மன் வரவே இல்லை. திண்ணைக்கு வந்த பெண்களும் நின்றுபோனார்கள். பெண்வீட்டார் என்னைக் கேவலமாக நினைக்கவில்லை. பல வருஷம் கழித்து என் மனைவி சொன்னாள், அவர்கள் தெருவிலும் சாமியாடுகிறவர்கள் உண்டாம்.

இந்த வழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. சங்கப் பாட்டில் வேலன் வெறியாடுகிறான். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாலினி மேல் தெய்வம் ஏறுகிறது. அதை நிறுத்தப் பார்ப்பதும் புதிதல்ல. முதுகில் கொக்கி மாட்டி உயரத்தில் சுற்றும் செடலைப் பற்றி 1850களிலும் 1890களிலும் சென்னை அரசாங்கம் விசாரணை நடத்தி ஒடுக்கப் பார்த்தது. பகுத்தறிவாளர்கள் தாமே தீமிதித்து, இதில் சாமி எதுவும் இல்லை என்று காட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்து கொடுக்க வேண்டிய நோய்க்கு மந்திரிக்கப் போய்க் கெட்ட குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை யார் மறக்க முடியும்?

2003 ஆகஸ்டில், 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதை அரசு தடுத்தது. அப்போது நான் பணியில் இருந்தேன். அந்தச் சுற்றறிக்கை என் மேசை வழியாகத்தான் கிராமங்களுக்குப் போனது. ஆறே மாதத்தில், 2004 பிப்ரவரியில், அதே அரசு சட்டத்தை நீக்கிவிட்டது. அந்தத் தாளும் என் மேசை வழியாகவே போனது. அரசு போட்ட தடையை அரசு எடுத்தது. நான் போட்ட தடையை எடுக்க எனக்குத் தெரியவில்லை.

சீனாவிலும் 1970களின் கடைசியில் கெடுபிடி தளர்ந்தது. கோயில்களைத் திரும்பக் கட்டினார்கள். முகமூடி அணிந்து பேயோட்டும் நுவோ கூத்து 2006இல் தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் ஏறியது, 2011இல் அப்படிப்பட்ட மரபுகளைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அங்கே அரசு ஏற்கும் மதங்கள் ஐந்துதான், அவற்றில் இது இல்லை. ஆட்டத்துக்கு மரபு என்ற மரியாதை கிடைத்திருக்கிறது. குறி கேட்கப் போவது இன்னும் மூடநம்பிக்கைதான்.

நம் ஊரில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இருந்தும் அதேதான் நடந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பம்பை வந்துவிட்டது, கரகம் வந்துவிட்டது, அலகும் செடலும் வந்துவிட்டன. ஒரு பெண் தன் குறையை ஊர் நடுவில் சொல்லி, அதை ஊரே கைகட்டிக் கேட்ட அந்த நேரம் திரும்பி வந்ததா?

இந்த ஆடியில் அந்த இளைஞன் ஆடியபோது, வயதான அம்மாள் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனருகே போய் ஏதோ கேட்கப் பார்த்தார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவர் குரல் எடுபடவில்லை. படம் எடுத்தவர்கள் அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் சாமி மலையேறிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போய், "என்னம்மா கேட்கணும்னு வந்தீங்க? என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்ககிட்ட சொல்லி இன்னாப்பா ஆவப்போவுது? அம்மாகிட்டதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, தூக்குச் சட்டியில் கூழை வாங்கிக்கொண்டு இருட்டில் நடந்துபோனார்.