அட்டைப்பெட்டி விண்கலத்தின் சாளரம்: ஒரு சிறு வரலாறு

சென்ற விடுமுறையில் அக்காவின் குடும்பம் நான் தங்கியிருக்கும் ஐதராபாத்துக்கு வந்திருந்தது. ஐந்து வயதான அக்கா மகளுக்காக, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியை விண்கலமாக்கினேன். முன்பக்கத்தில் சாளரம் வெட்டி, அதன் பின்னால் மடிக்கணினியை நிறுத்தி, விண்மீன்கள் விரைந்தோடும் காணொளி ஒன்றை ஓடவிட்டேன். பாட்டில் மூடிகளை ஒட்டிப் பொத்தான்கள் அமைத்தேன். ஏறி அமர்ந்தவள் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். "நான் அழுத்தினா ஒண்ணுமே ஆகலையே மாமா?" என்றாள். பத்து நிமிடத்தில் இறங்கிப் போய்விட்டாள். காணொளி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கேள்வியை எளிதில் கடக்க இயலவில்லை. பாவனை விண்கலங்களின் நூற்றாண்டு கால வரலாற்றைப் புரட்டினால், அதன் மையத்திலும் இதே கேள்விதான் இருக்கிறது.

1901-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடைபெற்ற பொருட்காட்சியில் பிரெடரிக் தாம்சன் என்பவர் 'நிலவுக்கு ஒரு பயணம்' என்னும் கேளிக்கையை அமைத்தார். 'லூனா' என்ற வான்கலத்தில் மக்கள் ஏறி அமர்வார்கள். அதன் இறக்கைகள் அடிக்கும், தளம் ஆடும், கீழே நயாகரா அருவி விலகிச் செல்வதுபோல் காட்சிகள் நகரும். கலமோ நின்ற இடத்திலேயே நிற்கும். இறங்கினால் நிலவின் குகைகளும் வேடமிட்ட நிலவுவாசிகளும் எதிர்ப்படுவர். கட்டணம் 50 சென்ட். பின்னர் இக்கேளிக்கை நியூயார்க்கின் கோனித் தீவுக்குச் சென்றது. 1903-இல் அங்கு திறக்கப்பட்ட லூனா பூங்கா இக்கலத்தின் பெயரையே தாங்கியது. ஊர்தியை நிறுத்திவைத்து உலகத்தை நகர்த்து என்ற உத்தி அன்றே முழுமை பெற்றிருந்தது. ஆயினும் பயணி வெறும் பார்வையாளர். அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் கலம் நிலவைச் சென்றடையும்.

கையின் அசைவுக்கு மறுமொழி தரும் ஊர்தி பிறந்த இடம் ஓர் இசைக்கருவித் தொழிற்கூடம். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் எட்வின் லிங்க்கின் தந்தை ஆர்கன் இசைக்கருவிகளைத் தயாரித்து வந்தார். அக்கருவிகளுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, 1920-களின் இறுதியில் லிங்க் ஒரு குட்டி விமானத்தை உருவாக்கினார். விசையைத் திருப்பினால் துருத்திகள் விரிந்து சுருங்கும். விமானம் சாயும், எழும், தாழும். தொடக்கத்தில் இதனை வாங்கியவர்களில் பெரும்பாலோர் கேளிக்கைப் பூங்கா நடத்தியோர். 1934-இல் அமெரிக்க இராணுவம் அஞ்சல் விமானங்களை இயக்கும் பொறுப்பை ஏற்றது. மோசமான வானிலையில் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கப் பழகாத விமானிகள் பலர் உயிரிழந்தனர். அதன்பின் இராணுவம் லிங்க்கின் பெட்டிகள் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் பயின்றனர். விளையாட்டுப் பொருள் உயிர் காக்கும் பயிற்சிக் கருவியானது இவ்வாறுதான்.

1960-களில் அமெரிக்காவின் லாங்லி ஆய்வு மையம் நிலவில் இறங்கும் பயிற்சிக்காக அமைத்த 'லோலா' என்னும் கருவியும் இம்மரபின் வாரிசே. ஓவியர்கள் தூரிகையால் நிலவின் பரப்பைத் தீட்டினர். அம்மாதிரிகளுள் ஒன்று 20 அடி விட்டமுள்ள கோளம். விமானி அசையாத அறையில் அமர்ந்து விசையைத் தள்ளுவார். வேறிடத்தில் தண்டவாளத்தின்மேல் ஒரு நிழற்படக்கருவி நிலவோவியத்தின் அருகே ஊர்ந்து செல்லும். அது காணும் காட்சி விமானியின் சாளரத்தில் தெரியும். அட்டைப்பெட்டிக்கும் இதற்கும் இடைவெளி பணத்திலும் நுட்பத்திலும் உண்டு. அடிப்படைக் கருத்தில் இல்லை.

குழந்தைகளின் வீட்டுத் திரைக்கு வருவோம். 1953-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'விங்கி டிங்க் அண்டு யூ' தொடங்கியது. 50 சென்ட் அனுப்பிப் பெற்ற நெகிழித்தாளைத் திரையில் ஒட்டி, கதைமாந்தன் ஆற்றைக் கடக்க வேண்டுமெனில் குழந்தை கிரேயானால் பாலம் வரைய வேண்டும். தாள் இல்லாத குழந்தைகள் திரையின்மீதே வரைந்து பெற்றோரைப் பதறவைத்தனர். ஆனால் குழந்தை வரையாவிட்டாலும் விங்கி டிங்க் ஆற்றைக் கடந்துவிடுவான். நான் ஒட்டிய பாட்டில் மூடிகளும் இத்தகையவையே.

நம் நாட்டிலும் இவ்விரு போக்குகளும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. 1975-76-இல் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் அதில் இடம்பெற்றன. அது மாபெரும் சாதனை. எனினும் அச்சாளரம் ஒருவழிச் சாளரம். அந்த ஆறு மாநிலங்களுள் ஒன்றான மத்தியப் பிரதேசத்தில், அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1972-இல், ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 16 பள்ளிகளில் தொடங்கியிருந்தது. மலிவான பொருள்களைக் கொண்டு மாணவர்கள் தாமே சோதனை செய்து விடை காண வேண்டும் என்பது அதன் கொள்கை. பின்னர் அதில் இணைந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு வடிவங்கள் செய்யக் கற்றுத்தந்தார். செயற்கைக்கோளுக்குக் கிட்டிய வரலாற்று இடம் அத்தீக்குச்சிகளுக்கு நம் ஆய்வுகளில் இன்னும் கிட்டவில்லை.

வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில், குச்சியைக் குதிரையாகக் கொள்ளும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். குச்சி குதிரையைப்போல் தோன்ற வேண்டியதில்லை. ஏறி ஓட இடந்தந்தால் போதும். தீக்குச்சியோ அஞ்சலட்டையோ அவ்விடத்தை நிரப்ப இயலாது. தோற்ற ஒற்றுமையைவிடக் குழந்தையின் உடல் அதனோடு என்ன செய்ய முடியும் என்பதே முதன்மையானது. என் காணொளி குதிரையின் அழகிய படம். அதில் ஏற இயலாது.

மறுநாள் காணொளியை அகற்றினேன். குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல்மொழியில் கறுப்புத் திரையும் வெள்ளைப் புள்ளிகளுமாக ஒரு சிறு நிரல் எழுதினேன். இடப்புற அம்பை அழுத்தினால் புள்ளிகள் வலப்புறம் நகரும். மேல் அம்பை அழுத்தினால் பெருகி விரியும். இடைவெளி விசையை அழுத்தினால் ஒலி எழும். விசைப்பலகையின் மற்றப் பகுதியை அட்டையால் மறைத்தேன். முந்தைய காணொளியோடு ஒப்பிட்டால் அது மிக எளிய காட்சி. அவள் இரண்டு மணி நேரம் இறங்கவில்லை. இடையில் வலப்புறம் திரும்பும்போது தன் உடலையும் சாய்த்துக்கொண்டாள். பெட்டி அசையவே இல்லை.

இன்று பள்ளிகள் பெருந்திரைகளையும் மெய்ந்நிகர் கண்ணாடிகளையும் வாங்கிக் குவிக்கின்றன. காட்சியின் துல்லியத்தை விலைப்பட்டியல் சொல்லிவிடும். குழந்தை கை வைத்தால் என்ன நிகழும் என்பதை அதில் தேடிப் பார்க்க வேண்டும். வாங்கும் குழுவில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் அக்கேள்வியை ஒருமுறையேனும் எழுப்புவார்கள் என நம்புகிறேன்.