மூச்சின் கணக்கும் முழங்காலின் கணக்கும்: நெடுந்தொலைவு ஓட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் காயம் பற்றி

ஆய்வுச் சுருக்கம்

நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கு முழங்கால் வலி ஒருமுறை வந்து போவது பெரிய தொல்லையில்லை. ஆறிவிட்டதாக நினைத்து ஓடத் தொடங்கியதும் திரும்பி வருவதுதான் தொல்லை. மூட்டின் அமைப்பில் உள்ள குறையையோ ஓடுபவரின் அவசரத்தையோ இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். இக்கட்டுரை வேறொரு காரணத்தை முன்வைக்கிறது. ஓய்வுக்குப்பின் இதயமும் நுரையீரலும் பழைய நிலைக்கு வரும் வேகம் ஒன்று. முழங்கால் சுமைதாங்கும் திறனை மீட்டெடுக்கும் வேகம் மற்றொன்று. பயிற்சித் திட்டங்கள் முன்னதை மட்டுமே அளக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான வெளியில்தான் காயம் திரும்புகிறது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

1. சிக்கலின் பரப்பு

கனடாவின் வான்கூவரில் ஒரு விளையாட்டு மருத்துவ மையத்துக்கு வந்த 2,002 ஓட்டக் காயங்களை ஜாக் டான்டன் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். அவற்றில் 42.1 விழுக்காடு முழங்காலைச் சேர்ந்தவை. முட்டிச்சில்லுக்குப் பின்னாலும் அதைச் சுற்றியும் எழும் வலி முதலிடத்தில் இருந்தது. தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் இழைப்பட்டை முழங்காலருகே வலிப்பது அதற்கு அடுத்த இடத்தில் இருந்தது. 2007-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தொகுத்த மதிப்பாய்வில் ஓட்டக்காரர்களின் கால் காய வீதம் 19.4 முதல் 79.3 விழுக்காடு வரை விரிந்து கிடந்தது. எதைக் காயம் என்று கொள்வது என்பதிலேயே ஆய்வுகள் வேறுபட்டதை இந்த அகலம் காட்டுகிறது. ஆனால் முன்பு காயம்பட்டவருக்கே அடுத்த காயம் வரும் வாய்ப்பு மிகுதி என்பதில் மதிப்பாய்வுகள் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன.

இந்த உண்மையை இரு வகையில் படிக்கலாம். ஓடுபவரின் கால் அமைப்பில் நிலையான ஒரு குறை இருக்கிறது, அது தொடர்ந்து காயத்தை உண்டாக்குகிறது என்பது முதல் வகை. முந்தைய காயம் தாங்குதிறனைக் குறைத்துவிட்டது, அது முழுதாக மீளுமுன்பே பழைய சுமை ஏற்றப்பட்டது என்பது இரண்டாம் வகை. முதல் விளக்கம் ஓடுபவரைக் காலணிக் கடைக்கும் ஸ்கேன் மையத்துக்கும் அனுப்புகிறது. இரண்டாவது, அவருடைய பயிற்சி நாட்குறிப்பைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றன.

2. வலிக்கும் இடமும் வலியின் காரணமும்

முட்டிவலி என்றதும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்ற முடிவுக்கு நாம் எளிதில் வந்துவிடுகிறோம். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை இந்த எண்ணத்தைத் தம் உடம்பிலேயே சோதித்தார். மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்து செலுத்தாமல் தம் முழங்கால்களுக்குள் நுண்கருவியை விட்டு ஒவ்வொரு பகுதியையும் தொடச் செய்து, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று குறித்துக்கொண்டார். 1998-இல் வெளியான அந்த ஆய்வில் முட்டிச்சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது வலியே இல்லை. முன்பக்க மூட்டுச்சவ்வும் முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டும் கடுமையாக வலித்தன. ஒருவரின் மூட்டை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது. ஆனாலும் தேய்மானமும் வலியும் ஒன்றே என்ற சமன்பாடு அத்துடன் ஆட்டம் கண்டது.

அதற்கு முன்பே, 1996-இல், டை இன்னொரு கருத்தை வைத்திருந்தார். முழங்காலின் உயிர்த்திசுக்கள் சமாளிக்கக்கூடிய சுமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே வீச்சில் விழும் பெரும் சுமையும் அந்த எல்லையைத் தாண்டலாம். சிறு சுமை பல்லாயிரம் தடவை விழுந்தும் தாண்டலாம். தாண்டியபின் எல்லையே உள்நோக்கிச் சுருங்குகிறது. நேற்றுவரை எளிதாக இருந்த மாடிப்படி இன்று வலிக்கிறது. மீளும் காயத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சுருக்கமே திறவுகோல். ஓடுபவர் பழைய எல்லையை மனத்தில் வைத்தே ஓடுகிறார். மூட்டு புதிய எல்லைக்குள் இருக்கிறது.

வெளிப்பக்க வலியின் வரலாறும் இதையொத்த பாடத்தைத் தருகிறது. இழைப்பட்டை எலும்பின் மேட்டில் முன்னும் பின்னும் உரசுவதால் அங்கே வலிக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பட்டை தொடையெலும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் அது அப்படி நகர முடியாது, அடியிலுள்ள கொழுப்புத் திசு அழுந்துவதே வலியின் காரணமாகலாம் என்று ஃபேர்க்ளஃப் குழுவினர் 2006-இல் வாதிட்டனர். முழங்கால் சுமார் 30 பாகை மடங்கும் நிலையில் இந்த அழுத்தம் கூடுகிறது. கால் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் மூட்டு அந்தக் கோணத்தைக் கடக்கிறது. இங்கும் கேள்வி எத்தனை தடவை, எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் வந்து நிற்கிறது.

3. ஒத்துப்போகாத இரு மீட்சிகள்

நல்ல பயிற்சியில் இருந்தவர்கள் பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எட்வர்ட் காயில் குழுவினர் 1984-இல் அளந்தனர். உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7 விழுக்காடு குறைந்தது. 56-ஆம் நாளில் 16 விழுக்காடு குறைந்து அங்கே நிலைகொண்டது. மூன்று வார ஓய்வு நெடுநாள் பயிற்சியை அழித்துவிடும் என்று அஞ்சுபவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். இழப்பு உண்மைதான், ஆனால் அச்சத்தில் தோன்றும் அளவுக்குப் பெரிதில்லை. மறுபடி ஓடத் தொடங்கியதும் மூச்சு சில வாரங்களில் தன் நிலைக்கு வந்துவிடுகிறது.

முழங்காலின் கதை வேறு. அதே 1984-இல் ஸ்பென்சர் குழுவினர் வலியில்லாத முழங்கால்களுக்குள் திரவம் செலுத்தித் தொடையின் முன்தசைகள் எப்படிச் செயல்படுகின்றன என்று பார்த்தனர். 20 முதல் 30 மி.லி. திரவமே உட்பக்கத் தசையின் செயலைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது. மற்ற பகுதிகள் தடைபட 50 முதல் 60 மி.லி. தேவைப்பட்டது. வலி துளியும் இல்லாமலே, கண்ணுக்குப் புலப்படாத சிறு வீக்கம் மூட்டைக் காக்க வேண்டிய தசையை அடக்கிவிடும் என்பது இதன் பொருள்.

இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் காயம் திரும்பும் வழி துலங்குகிறது. ஓய்வில் வலி அடங்குகிறது. மூச்சு பெரிதாகக் கெடவில்லை. ஆதலால் ஓடுபவர் பழைய வேகத்தில் இறங்க முடிகிறது, அவர் உடம்பும் அதைச் சுகமாக உணர்கிறது. தொடைத்தசை மட்டும் பழைய வலுவுக்கு வரவில்லை. மூட்டின் எல்லை விரியவில்லை. நன்கு பயின்றவருக்கு இந்த ஆபத்து கூடுதல், ஏனெனில் அவரைத் தடுத்து நிறுத்த வேண்டிய களைப்பு வருவதேயில்லை.

4. ஒரு சான்று: 1984, ஜோன் பெனாய்ட்

மகளிர் மாரத்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில். 1983 பாஸ்டன் மாரத்தானை 2 மணி 22 நிமிடம் 43 நொடியில் ஓடி உலகின் சிறந்த நேரத்தைக் கைக்கொண்டிருந்த அமெரிக்கர் ஜோன் பெனாய்ட்டுக்கு, 1984 மார்ச்சில் 20 மைல் பயிற்சி ஓட்டமொன்றில் வலது முழங்கால் வலியால் நடக்க வேண்டியதாயிற்று. ஓய்வு, கார்ட்டிசோன் ஊசி, மறுபடி ஓட்டம், மறுபடி வலி என்று வாரங்கள் கழிந்தன. ஏப்ரல் 25-இல் ஓரிகன் மாநில யூஜீன் நகரில் மருத்துவர் ஸ்டான் ஜேம்ஸ் நுண்துளை அறுவையில் மூட்டுக்குள் தடித்திருந்த சவ்வு மடிப்பை அகற்றினார். ஒலிம்பிக் அணிக்கான தேர்வுப் போட்டி மே 12-இல். இடையில் 17 நாள். கைகளால் சுழற்றும் மிதிவண்டிப் பயிற்சியில் இதயத்தைக் காத்துக்கொண்டார். ஓடத் தொடங்கியதும் ஒரு காலுக்கு ஆதரவாக மறுகாலில் பாரம் ஏறி, இடது தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. ஆயினும் ஒலிம்பியா நகரில் நடந்த தேர்வை 2:31:04-இல் வென்றார். ஆகஸ்ட் 5-இல் 2:24:52-இல் தங்கம் பெற்றார்.

இது மனவுறுதியின் கதையாகவே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. மனவுறுதியை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்கள் வேறொன்றையும் சொல்கின்றன. வலியும் ஊசியும் அறுவையும் குலைத்த எட்டு வாரங்களுக்குப் பின்னும் அவருடைய சிறந்த நேரத்துக்கும் தேர்வு நேரத்துக்கும் வேறுபாடு 8 நிமிடம் 21 நொடி, ஏறத்தாழ 6 விழுக்காடு. தடங்கள் வேறு, போட்டி உத்தி வேறு என்பதைக் கழித்தாலும், சேர்த்துவைத்த மூச்சுவளம் எளிதில் கரைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. பன்னிரண்டு வாரத்தில் பெரும்பகுதி திரும்பியும் வந்துவிட்டது. ஓய்வெடுத்தால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தில் அரைகுறை முழங்காலோடு திரும்பி ஓடுவது தேவையற்றது என்பதே இந்நிகழ்விலிருந்து நான் பெறும் முடிவு.

இதே நிகழ்வு என் வாதத்துக்கு எதிராகவும் நிற்கும். பெனாய்ட்டின் முழங்காலில் ஓய்வாலும் ஊசியாலும் தீராத ஓர் அமைப்புத் தடை உண்மையிலேயே இருந்தது. கத்திதான் அதைத் தீர்த்தது. ஆகவே அமைப்புக் காரணம் எங்குமே இல்லை என்று சொல்ல முடியாது. மூட்டு திடீரெனப் பூட்டிக்கொள்ளுதல், வீக்கம் வடியாமை, கால் மடிந்து சரிதல் ஆகியவை அத்தகைய காரணத்தின் அடையாளங்கள். அவை தென்பட்டால் பயிற்சியைத் திருத்திக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரைப் பார்ப்பதே முறை. அவை இல்லாத பெரும்பாலோருக்கே இக்கட்டுரையின் வாதம் பொருந்தும்.

5. வாரக் கிலோமீட்டரின் போதாமை

வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்குமேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களிடையே வேதவாக்கு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களை இரு குழுவாக்கி இவ்விதியைச் சோதித்தனர். விதிப்படி 13 வாரம் மெல்ல ஏறியவர்களில் 20.8 விழுக்காட்டினரும், வழக்கமான 8 வாரத் திட்டத்தில் ஏறியவர்களில் 20.3 விழுக்காட்டினரும் காயமடைந்தனர் என்று 2008-இல் அறிக்கை வந்தது. விதி காக்கவில்லை.

மெல்ல ஏறுவதே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அளக்கும் அலகு தவறாயிருக்கலாம். 5,205 ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை வைத்து 2025-இல் வெளியான ஆய்வு அந்த ஐயத்துக்கு வலுவூட்டுகிறது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் உள்ள கூடுதலுக்கும் காயத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 விழுக்காட்டுக்குமேல் தாண்டியவர்களிடம் காய வீதம் கூடியது; இரு மடங்குக்கும் மேல் தாண்டியவர்களிடம் மிக அதிகம். வாரக் கூட்டுத்தொகை மூச்சின் கணக்குக்கு ஏற்றது. முழங்கால் ஒவ்வோர் ஓட்டத்தையும் தனித்தனியே கணக்கில் வைக்கிறது. செவ்வாய் முதல் வெள்ளி வரை கால்வலியால் படுத்துவிட்டு, வாரத் தூரத்தை நிரப்ப ஞாயிறன்று 28 கி.மீ. ஓடுபவரின் ஏடு சீராகத் தெரியும். அவருடைய மூட்டுக்கு அது பேரிடி.

6. வலியோடு ஓடுவதன் வரையறை

ஓய்வில் வலி அடங்கினாலும் மூட்டின் எல்லை விரிவதில்லை என்று மேலே கண்டோம். முழு ஓய்வு விடையாகாது என்றால், எவ்வளவு ஓடலாம்? கியூபெக்கில் எஸ்குலியே குழுவினர் முட்டிச்சில்லு வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சுமையைத் தானே சீர்செய்யும் அறிவுரை மட்டும். மற்ற இரண்டுக்கும் அதனுடன் தசைப் பயிற்சியோ ஓடும் நடையைத் திருத்தும் பயிற்சியோ கூடுதலாக. அறிவுரையின் சாரம் எளியது: ஓடும்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். 2018-இல் வெளியான முடிவில் மூன்று பிரிவுகளும் முன்னேறின. அவற்றிடையே வேறுபாடு இல்லை.

தாங்குதிறனே காரணம் என்னும் வாதத்தை இம்முடிவு வெட்டுகிறதே, தசையை வலுவாக்கியும் பயன் கூடவில்லையே என்று கேட்கலாம். பயிற்சி நடந்தது எட்டு வாரம்தான். தசைவலுவின் நீண்டகாலப் பயனை அதில் அளக்க இயலாது. அதைவிட முக்கியம், சுமையைச் சரிசெய்யாமல் விட்ட பிரிவு எதுவும் அந்த ஆய்வில் இல்லை. பொதுவாக இருந்த மருந்து சுமைச்சீர்மை. மற்றவை அதன்மேல் வைக்கப்பட்ட துணைகள்.

ஓடும் நடையைத் திருத்துவதையும் இந்த அளவுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளை 10 விழுக்காடு கூட்டினால் முட்டிச்சில்லு மூட்டின் உச்ச விசை சுமார் 14 விழுக்காடு குறைவதாக 2014-இல் லென்ஹார்ட் குழுவினர் கண்டனர். ஆனால் அடிகளின் எண்ணிக்கையும் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் அதே தூரத்துக்கு மிச்சமாவது தோராயமாக 5 விழுக்காடுதான். பயனுள்ள குறைப்பு, ஆனால் ஒரு நீண்ட ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் அதை விழுங்கிவிடும்.

7. தேய்மானம் என்னும் அச்சம்

ஓட்டமே முழங்காலைத் தின்றுவிடும் என்ற பொதுநம்பிக்கைக்கு 2017-இல் வெளியான தொகுப்பாய்வு விடை தந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுவோரிடம் 3.5 விழுக்காடு, ஓடாதவரிடம் 10.2, போட்டிக்கென ஓடுவோரிடம் 13.3. மூட்டு நலமாக உள்ளவரே தொடர்ந்து ஓடுவார் என்பதால் முதல் எண்ணை அப்படியே காரணமாகக் கொள்ள இயலாது. எனினும் மிதமான ஓட்டம் மூட்டை அழிக்கிறது என்பதற்கு அங்கே ஆதாரமில்லை. கடைசி எண் எச்சரிக்கிறது: ஓட்டத்தின் இயல்பைவிட அளவும் மீட்சியும்தான் பொருட்படுத்த வேண்டியவை.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மீளும் முழங்கால் காயத்தோடு போட்டிக்கு ஆயத்தமாகிறவருக்கான திட்டத்தை வேறு விதமாக அமைக்கலாம். ஒரே திட்டத்துக்குள் இரு தனித்தனிக் கணக்குகள் வேண்டும். மூச்சின் கணக்கை ஓட்டத்தோடு ஆழ்நீர் ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றாலும் நிரப்பலாம். முழங்காலின் கணக்கில் அண்மைய 30 நாளின் மிக நீண்ட ஓட்டம், சரிவில் இறங்கி ஓடிய அளவு, ஓடியபின் ஒரு மணி நேரத்திலும் மறுநாள் காலை படியிறங்கும்போதும் மூட்டு தரும் பதில் ஆகியவை மட்டும் இடம்பெற வேண்டும். இரண்டும் முரண்படும் நாளில் முழங்காலின் கணக்கே செல்லும். மூச்சின் இழப்பை ஈடுகட்ட வேறு வழிகள் உள்ளன. மூட்டுக்கு அப்படி மாற்று வழியில்லை.

இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். இம்முறையில் போட்டித் தேதி இலக்காக இருக்கலாம், கட்டளையாக இருக்க முடியாது. கட்டணம் செலுத்தி எண்ணட்டை வாங்கியபின் தொடக்கக் கோட்டுக்கு வராமலிருப்பதும், மாரத்தானை அரை மாரத்தானாக மாற்றிக்கொள்வதும் திட்டத்துக்கு உட்பட்ட முடிவுகளாகவே கொள்ளப்பட வேண்டும். பயிற்றுநர்களும் போட்டி அமைப்பாளர்களும் தூர மாற்றத்தையும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதையும் எளிதாக்கினால், மருத்துவ மேசைக்கு வரும் முழங்கால்களில் ஒரு பகுதி அங்கே வராமலே இருக்கும்.